ஐந்தாவது ரப்பர்

ஒரு கடலை மிட்டாய், இரண்டு பிள்ளைகள். இந்தக் கணக்குக்குத் தமிழ்ப் பிள்ளைகள் கண்டுபிடித்து வைத்திருக்கும் விடை காக்கா கடி. மிட்டாயைச் சட்டை நுனிக்குள் பொதிந்து, துணியோடு சேர்த்துக் கடித்து உடைக்க வேண்டும். எச்சிலும் படாது, பங்கும் ஆகிவிடும். உடைந்த துண்டுகளை உள்ளங்கையில் வைத்து இருவரும் குனிந்து பார்க்கிற பார்வைக்கு நகைக்கடைத் தராசே தோற்றுவிடும். ஒரு துண்டில் அரைக் கடலை கூடுதலாக ஒட்டியிருந்தாலும் சச்சரவுதான்.

அதே பிள்ளை மறுநாள் காலை மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ உள்ள ஒரு கிராமத்தில் பள்ளிக்கு நடந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் ஒரு பக்கம், காலனி இன்னொரு பக்கம். பேருந்து நிற்குமிடம், ரேஷன் கடை, கோயில், பெரிய வீடுகள் எல்லாம் ஊருக்குள். சுடுகாடுகூடப் பல இடங்களில் இரண்டு. அரைக் கடலைக்குக் கண் கலங்கிய பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே போகிறது; ஒரு வார்த்தை கேட்பதில்லை. மிட்டாயில் அவ்வளவு கூர்மையாக இருக்கும் கண் தெருவில் ஏன் மழுங்கிப்போகிறது?

இதற்குக் கைவசம் இரண்டு பதில்கள் உண்டு. சின்னப் பிள்ளைக்குச் சமூகம் பற்றி என்ன தெரியும், வயது வரட்டும் என்பது ஒன்று. பிள்ளை மனசு வெள்ளை, பெரியவர்கள் வாயால் சொல்லிக் கெடுக்காதவரை அதில் சாதி இல்லை என்பது மற்றொன்று. இந்த நூற்றாண்டில் குழந்தைகளின் நியாய உணர்வு பற்றி நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் இரண்டும் நிற்பதில்லை. பிள்ளை தெருவையும் பார்க்கிறது, யாரும் வாய் திறக்காமலே அதிலிருந்து முடிவுக்கும் வருகிறது. மிட்டாயைப் பங்கிட்ட அதே நியாய உணர்வுதான் அந்த முடிவையும் எடுக்கிறது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

தராசு முளைக்கும் வயது

ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே 1932இல் வெளியிட்ட நூலுக்காகச் சிறுவர்கள் கோலிக்குண்டு விளையாடுவதை உட்கார்ந்து கவனித்தார். விதியை யார் போட்டது, மாற்றலாமா, மீறினால் என்ன என்றெல்லாம் அவர்களிடமே கேட்டார். நம் பிள்ளைகள் இதே விஷயத்துக்கு ஒரே சொல் வைத்திருக்கிறார்கள்: போங்கு. விதியை மீறி ஜெயிப்பது போங்காட்டம். மிகச் சின்னப் பிள்ளை ஆட்டத்துக்கு வந்தால் அது ஒப்புக்குச் சப்பாணி. அதை அவுட் ஆக்கமாட்டார்கள். எல்லாருக்கும் ஒரே விதி, ஆனால் சக்தியில்லாதவருக்குச் சலுகை என்ற நுட்பமான ஏற்பாடு, எந்தப் பெரியவரும் கற்றுத்தராமல் தெருவில் புழங்குகிறது.

இந்த உணர்வை அளந்து பார்த்த ஆய்வுகளில் பெரியது 2015இல் நேச்சர் இதழில் வந்தது. இந்தியா, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, பெரு, செனகல், உகாண்டா ஆகிய ஏழு நாடுகளில், 4 முதல் 15 வயது வரையிலான 866 ஜோடிப் பிள்ளைகள். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்காருவார்கள். நடுவில் ஒரு தட்டு. ஒருவர் பக்கம் ஒரு மிட்டாய், மற்றவர் பக்கம் நான்கு. முடிவெடுக்கும் பிள்ளையின் கையில் இரண்டு பிடிகள். பச்சைப் பிடியை இழுத்தால் அவரவர் பங்கு அவரவர் கிண்ணத்தில் விழும். சிவப்புப் பிடியை இழுத்தால் எல்லாம் நடுவில் கொட்டிவிடும், இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. தனக்கு ஒன்று, எதிராளிக்கு நான்கு என்றபோது, அந்த ஒன்றையும் இழந்தாலும் பரவாயில்லை என்று சிவப்பை இழுக்கும் போக்கு ஏழு நாட்டிலும் தெரிந்தது. சில இடங்களில் சீக்கிரம், சில இடங்களில் தாமதமாக. இதைக் குறைப்பங்கு மறுப்பு என்போம். தனக்கு நான்கு, எதிராளிக்கு ஒன்று என்றபோது மறுப்பது மிகைப்பங்கு மறுப்பு. இது மூன்றே நாடுகளில், அதுவும் வயது ஏறிய பிள்ளைகளிடம்தான் தெளிவாக வெளிப்பட்டது: அமெரிக்கா, கனடா, உகாண்டா.

இதை வைத்து நம் பிள்ளைகள் பேராசைக்காரர்கள் என்று முடிவுகட்டக் கூடாது. சிவப்பை இழுத்தால் எதிராளியின் ஒரு மிட்டாயும் போய்விடும். அதைக் காப்பாற்றுவதையும் நல்ல மனசு என்று சொல்லலாம். ஆனால் ஒன்று உறுதி. தனக்குக் குறையும்போது வலிப்பது எங்கும் தானாக வருகிறது. தனக்குக் கூடும்போது உறுத்துவது, வளரும் இடத்தைப் பொறுத்துத்தான் வருகிறது.

ஒரு ரப்பரைக் குப்பையில் போடுவது

2012இல் அலெக்ஸ் ஷா, கிறிஸ்டினா ஓல்சன் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இன்னும் எளிமையானது. இரண்டு பையன்கள் தங்கள் அறையைச் சுத்தம் செய்தார்கள். பரிசாகக் கொடுக்க ஐந்து ரப்பர்கள் இருக்கின்றன. இவனுக்கு இரண்டு, அவனுக்கு இரண்டு. ஐந்தாவதை என்ன செய்யலாம், ஒருவனுக்குக் கொடுக்கலாமா, குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாமா என்று 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் குப்பையில் போடச் சொன்னார்கள். யாருக்கும் உதவாமல் போகட்டும், ஆனால் ஒருவனுக்கு மட்டும் கூடக் கூடாது.

பிறகு கதையில் ஒரே ஒரு வரியை மாற்றினார்கள்: இருவரில் ஒருவன் அதிகம் வேலை செய்தான். அவ்வளவுதான். குப்பைக்குப் போன ரப்பர் இப்போது வேலை செய்தவன் கைக்குப் போனது. தராசின் முள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை, காரணத்தையும் பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஏற்றத்தாழ்வைக் கண்டதும் பிள்ளை துடிக்கிறது. ஒரு காரணம் கிடைத்ததும் அடங்கிவிடுகிறது. அப்படியானால் நம் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. ஊரையும் காலனியையும் பார்க்கிற பிள்ளைக்கு, துடிப்பை அடக்கும் காரணம் எங்கிருந்து கிடைத்தது?

யானைமலையும் ஒரு சுவரும்

லாரிசா ஹுஸக், ஆண்ட்ரே சிம்பியன் என்ற ஆய்வாளர்கள் வேறொரு கிரகத்தின் கதையைப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். அங்கே இரண்டு கூட்டம். ஒன்றிடம் பணம் அதிகம், மற்றதிடம் குறைவு. ஏன் அப்படி என்று கேட்டபோது நான்கு வயதுப் பிள்ளைகூடப் பெரும்பாலும் ஆட்களுக்கு உள்ளேதான் விடை தேடியது: அவர்கள் கெட்டிக்காரர்கள், நன்றாக உழைப்பவர்கள். அவர்களுக்கு வெளியே நடந்த ஏதோ ஒன்று, முன்பு வந்த ஒரு சண்டை, யாரோ போட்ட ஒரு விதி, இதெல்லாம் சுலபத்தில் நினைவுக்கு வரவில்லை. முதல் வகையை உள்ளியல்பு விளக்கம் என்றும் இரண்டாவதை நிகழ்வு விளக்கம் என்றும் சொல்லலாம். உள்ளியல்பு விளக்கத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள்தான், இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும், அதுதான் நியாயம் என்றும் சொன்னார்கள். ரப்பர் கதையில் வந்த அந்த ஒரு வரியை இங்கே பிள்ளை தானே எழுதிக்கொள்கிறது. அதிகம் இருக்கிறதா, அப்படியானால் அதிகம் வேலை செய்திருப்பான்.

மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 1989இல் நடந்த சாதி மோதலுக்குப் பிறகு அங்கே சுமார் 600 மீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பப்பட்டது. தலித் மக்களின் குடியிருப்பு ஒருபுறம், மற்றவர்களின் தெருக்கள் மறுபுறம். 2008 மே 6ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. தீண்டாமைச் சுவர் என்ற சொல்லை நாடே அப்போது அறிந்தது. சுவர் கட்டிய ஆண்டில் அங்கே பிறந்த பிள்ளைக்கு அது உடைபட்டபோது 18 அல்லது 19 வயது. அதாவது தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது, மீசை முளைத்தது எல்லாம் சுவர் இருந்த உலகத்தில்தான். கட்டும்போது பார்த்த பெரியவர்களுக்கு அது ஒரு நிகழ்ச்சி: இன்னார் இன்ன ஆண்டில் இன்ன காரணத்தால் செய்த வேலை. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கோ அது யானைமலையைப் போல. மதுரையில் பிறந்தவர் யாரும் யானைமலை ஏன் ஒத்தக்கடைப் பக்கம் படுத்துக்கிடக்கிறது என்று நியாயம் கேட்பதில்லை. கண் திறந்தபோதே இருந்ததற்குத் தேதி கிடையாது. தேதி இல்லாததற்குச் செய்தவர் கிடையாது. செய்தவர் இல்லாத இடத்தில் போங்கு என்ற சொல்லுக்கும் வேலை இல்லை. சுவரின் இரண்டு பக்கத்தையும் பார்க்கிற பிள்ளைக்கு எஞ்சுவது ஒரே விளக்கம்தான். அங்கே இருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள், அதனால் அங்கே இருக்கிறார்கள்.

யாரும் சொல்லித்தராமலா இப்படி ஒரு முடிவு வரும் என்று ஐயப்படலாம். அமெரிக்காவில் ரெபெக்கா பிக்லரும் அவருடைய குழுவும் கோடை வகுப்புப் பிள்ளைகளுக்கு மஞ்சள், நீல நிறப் பனியன்களைக் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2001இல் வெளியானது. வகுப்புச் சுவரில் சில படங்கள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றில் போட்டிகளில் ஜெயித்தவர்களும் தலைவர்களும் பெரும்பாலும் ஒரே நிறப் பனியனில் இருந்தார்கள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆசிரியர் நிறம் பார்த்து உட்காரவைத்து, நிறம் சொல்லி அழைத்த வகுப்புகளில், சில வாரங்களில் அந்த உயர்ந்த நிறத்துப் பிள்ளைகள் தங்கள் நிறமே மேல் என்று நம்பத் தொடங்கினார்கள். நிறத்தை ஆசிரியர் பயன்படுத்தாத வகுப்புகளில் அப்படி ஆகவில்லை. நம் பள்ளிகளில் சில மாணவர்கள் சாதி அடையாளமாகக் கட்டிவரும் வண்ணக் கயிறுகளை நினைவில் வைத்து இதைப் படிக்க வேண்டும். சுவரில் படம், கையில் நிறம், ஆசிரியர் வாயில் பிரிவின் பெயர். போதனை இல்லாமலே பாடம் நடந்துவிடுகிறது.

பெரியவர்களான பிறகும் இந்த விளக்கம் விட்டுப்போவதில்லை. ஆனால் எல்லாரிடமும் ஒரே அளவில் ஒட்டுவதும் இல்லை. சாதி அடையாளம் பிறப்போடு உடம்பில் வருவதா, சமூகம் ஏற்றிவைப்பதா என்று உளவியலாளர் ராமசாமி மகாலிங்கம் பிராமணர்களிடமும் தலித்துகளிடமும் ஆராய்ந்தார். உடம்பில் வருவது என்ற எண்ணம் மேலே வைக்கப்பட்டவர்களிடம் வலுவாக இருந்தது. கீழே தள்ளப்பட்டவர்களிடம் அப்படி இல்லை. சுவரின் எந்தப் பக்கம் நிற்கிறோமோ அதற்கேற்பத்தான் அதன் தேதி தெரிகிறது அல்லது மறைகிறது.

பெயர் வாசிக்கும் நேரம்

இனி ஒரு வகுப்பறைக்குள் போவோம். மிகச் சாதாரணமான காட்சி. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் பலருக்கும் தெரிந்திருக்கும். உதவித்தொகைப் படிவங்கள் வந்திருக்கின்றன. “எஸ்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்கப்பா” என்கிறார் ஆசிரியர். நாற்பது பேரில் பத்துப் பேர் எழுந்து நிற்கிறார்கள். அவசரம்தான் காரணம், ஆசிரியர் மனதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில், உட்கார்ந்திருக்கும் முப்பது பேருக்கும் நிற்கும் பத்துப் பேருக்கும் வெவ்வேறு பாடம் நடக்கிறது.

உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் தராசு என்ன சொல்லும்? ஏழு நாட்டிலும் கண்ட குறைப்பங்கு மறுப்பு உடனே விழித்துக்கொள்ளும். ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே பரீட்சை. அவனுக்கு மட்டும் பணம் ஏன்? ஐந்தாவது ரப்பர் ஒருவன் கைக்கு மட்டும் போகிறது, காரணம் சொல்லும் அந்த ஒரு வரி மட்டும் கதையில் இல்லை. அந்தப் பிள்ளை இதைப் போங்கு என்று நினைத்தால் அதன் நியாய உணர்வில் குறை சொல்ல முடியாது. தட்டில் வைத்ததைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறது. நிலம் யார் கையில் இருந்தது, பள்ளிக்கூடத்துக்குள் யார் எந்த ஆண்டு நுழைந்தார்கள், மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித் மக்களும் நாடார் சமூகத்தாரும் அடியெடுத்துவைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருந்து, அதையும் வைத்தியநாத அய்யர் போன்றோர் முன்நின்று நடத்தவேண்டியிருந்தது ஏன், இவை எதுவும் தட்டில் இல்லை. வரலாற்றை மறைத்துவிட்டு ஈட்டை மட்டும் காட்டினால், ஈடே அநியாயமாகத் தெரியும். பெரியவர்கள் இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும் கசப்பில் ஒரு பங்கு இந்த அரை நிமிடத்தில் விதைக்கப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

நிற்கும் பிள்ளைக்கு நேர்வதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்கள் 642 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. உயர்த்தப்பட்ட சாதியினர் பாதி, ஒடுக்கப்பட்ட சாதியினர் பாதி. வேலை, காகிதத்தில் அச்சிட்ட சிக்கல் வழிகளில் பென்சிலால் வழி கண்டுபிடிப்பது. கண்டுபிடித்த எண்ணிக்கைக்குத் தக்கபடி காசு. யார் என்ன சாதி என்று யாரும் சொல்லாதபோது இரண்டு பிரிவும் சமமாகச் செய்தன. சில குழுக்களில் மட்டும் வேலை தொடங்குமுன் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாம் உரக்க வாசிக்கப்பட்டன. பையன் ஆமாம் என்று தலையசைக்க வேண்டும். அங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. அறிவு குறையவில்லை, காகிதமும் பென்சிலும் மாறவில்லை. வாசித்ததுதான் மாறியது.

மதுரையிலேயே இதற்கு மாறான ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2022 செப்டம்பர் 15இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கியது. திட்டத்தில் உள்ள வகுப்புகளில் யாரையும் எழுந்து நிற்கச் சொல்வதில்லை. உட்கார்ந்த எல்லார் தட்டிலும் உப்புமாவோ பொங்கலோ விழும். எல்லாருக்கும் கொடுப்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, தராசு அமைதியாக ஏற்றுக்கொள்ளும். சிலருக்கு மட்டும் கொடுக்க வேண்டிய ஈடுகளுக்குத்தான் காரணம் வேண்டும். அவற்றை நிறுத்திவிடலாம் என்பது இதன் பொருள் ஆகாது. ஒப்புக்குச் சப்பாணியை ஏற்றுக்கொண்ட பிள்ளைக்கு ஈடும் புரியும். ஏன் என்பது தெரிந்திருந்தால்.

சொன்னால் வளராதா?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எட்டு வயதுப் பிள்ளையிடம் சாதியைப் பற்றிப் பேசினால், இல்லாத எண்ணத்தை நாமே விதைப்பது ஆகாதா? தெரியாமலே வளரட்டுமே. இதைச் சொல்பவர்களில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் பலர். ஆனால் பிள்ளைக்குத் தெரியாது என்ற ஊகத்தின் மேல்தான் இந்த மறுப்பு நிற்கிறது. பிள்ளை ஏற்கெனவே சுவரைப் பார்த்துவிட்டது, தானாக ஒரு விளக்கமும் எழுதிக்கொண்டது. நம் மௌனம் அந்த விளக்கத்தை அழிப்பதில்லை. எதிர்ப்பேச்சு இல்லாமல் அதை நிலைக்கவிடுகிறது.

பேசிப் பார்த்த சோதனையும் உண்டு. ஜூலி ஹியூஸும் பிக்லரும் இன்னொருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் புகழ்பெற்ற கறுப்பின அமெரிக்கர்களின் வாழ்க்கையைப் பாடமாக நடத்தினார்கள். ஒரு பிரிவுக்குச் சாதனைகள் மட்டும். மற்றதற்கு அவர்கள் பட்ட இனப் பாகுபாடும் சேர்த்து. பாகுபாட்டையும் கேட்ட வெள்ளைப் பிள்ளைகள்தான் கறுப்பின மக்களைப் பற்றிக் கூடுதல் நல்லெண்ணம் காட்டினார்கள், இன நியாயத்தையும் பெரிதாக மதித்தார்கள். லாரா எலன்பாஸ், மெலனி கில்லன் இருவரின் 2016 ஆய்வில் 10, 11 வயதுப் பிள்ளைகள், முன்பு குறைவாகப் பெற்ற குழுவுக்கு இப்போது கூடுதலாகப் பொருள் ஒதுக்கினார்கள். பழைய குறையைச் சரிக்கட்டத்தான் என்று காரணமும் சொன்னார்கள். நிகழ்வு விளக்கம் கைக்கு வந்துவிட்டால், மிகைப்பங்கைத் தானே விட்டுக்கொடுக்கும் அளவுக்குத் தராசு வளர்கிறது.

மறுப்பில் ஒரு பாதி உண்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதியின் பெயரைச் சொல்லிப் பிள்ளையை எழுப்பி நிறுத்துவதும், சாதி எப்படி வந்தது என்று பிள்ளைக்குச் சொல்வதும் ஒன்றல்ல. முன்னது ஹாஃப்–பாண்டே ஆய்வின் உரத்த வாசிப்பு. பின்னது உத்தப்புரத்தில் 1989 என்ற ஆண்டைச் சொல்வது. நம் பள்ளிகளில் முன்னது தாராளமாக நடக்கிறது, பின்னதற்குத்தான் தயக்கம்.

அகரவரிசை

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவருடைய தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதைத் தொடர்ந்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி போன்ற பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்க வேண்டும் என்ற பரிந்துரைகள் பரபரப்பாகப் பேசப்பட்டன. பெயர் நீக்கத்துக்கு மதுரை, தேனிப் பக்கம் எதிர்ப்பும் எழுந்தது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கொடுமையைச் சுமந்த ஒரு சமூகத்தைப் படிக்கவைக்க எழுந்த பள்ளிகள் அவை என்பதால், பெயரை எடுத்தால் அந்த வரலாறும் போய்விடும் என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியது. பெயர்ப்பலகையில் இருப்பதைவிட அந்த வரலாறு ஐந்தாம் வகுப்புப் பாடத்தில் இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் போய்ச்சேரும் என்பது என் எண்ணம்.

அதே அறிக்கையில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பரிந்துரை உண்டு: மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்காரவைப்பது. சின்ன விஷயமாகத் தெரியலாம். தில்லியில் 2007 முதல், அரசிடம் சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. அதன் விளைவைப் பொருளியலாளர் கௌதம் ராவ் 2019இல் வெளியான ஆய்வில் அளந்தார். சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகரவரிசைப்படியே பிரித்திருந்தார்கள். ஆகவே எந்தப் பணக்காரப் பிள்ளையின் குழுவில் ஏழைப் பிள்ளை வரும் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் தீர்மானிக்கவில்லை, எழுத்து தீர்மானித்தது. ஏழைத் தோழர்களோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் மற்றவர்களுக்குக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். தொடர் ஓட்டத்துக்கு ஆள் சேர்க்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையைத் தள்ளிவிட்டு மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளையை எடுக்கும் வழக்கமும் அவர்களிடம் குறைந்திருந்தது.

தமிழ்நாட்டில் இந்த அகரவரிசைக்குத் தனி வசதி ஒன்று உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. அதன் பயனாக நம் வருகைப் பதிவேட்டின் பெயர்ப் பகுதியில் இன்று இருப்பது பிள்ளையின் பெயரும் ஓர் இனிஷியலும் மட்டும். அதை அகரவரிசையில் அடுக்கினால் எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளை பக்கத்தில் உட்காரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ‘மு’வில் தொடங்கும் பெயர் மட்டும் மதுரைப் பக்கத்து வகுப்பில் எத்தனை இருக்கும்! முத்துக்குமார், முத்துலட்சுமி, முருகன், முருகேஸ்வரி, முகமது. ஊரிலிருந்து ஒன்று, காலனியிலிருந்து ஒன்று, பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒன்று என்று ஒரே பெஞ்சில் அமர்ந்து, இடைவேளையில் ஒரு கடலை மிட்டாயைச் சட்டை நுனிக்குள் வைத்துக் கடிப்பார்கள். துண்டு பெரிதா சிறிதா என்று குனிந்து பார்ப்பார்கள், கட்டாயம் சண்டையும் வரும்.